பட்டியல் இருக்கு, புல்லு இருக்குமா?

அமீரகத்தில் காஃப் மரத்துக்குக் கிடைக்கிற மரியாதையைப் பார்த்தா நமக்கே கொஞ்சம் பொறாமை வரும். வேற ஒண்ணுமில்ல மக்களே, நம்ம வன்னி மரம்தான் அது. 2008ல் தேசிய மரம் ஆக்கினாங்க. 2019ஐ 'சகிப்புத்தன்மை ஆண்டு'ன்னு அறிவிச்சப்ப சின்னமும் அதேதான். நல்ல விஷயம். மரம்னா நிழல் இருக்கு, போட்டோவுக்கு அழகா நிக்கும். புல்லுக்கு யாரு இருக்கா?

நான் சொல்ற புல்லோட பேரு ஹாலோபைரம் முக்ரோனேட்டம். பேரைப் பார்த்து ஓடிடாதீங்க, ஹாலோபைரம்னா கிரேக்கத்தில் 'உப்புக் கோதுமை', அவ்வளவுதான். அலை தொடுற இடத்துக்குச் சற்று மேல, கடற்கரை மணலில் வளரும். காத்து அள்ளிட்டு வர்ற மணலைப் பிடிச்சு வைக்கும். மணல் தன்னையே மூடினாலும் கணுவில் புது வேர் விட்டு மேல வரும். இப்படியே அந்த இடம் ஒரு மேடாயிடும். சிமெண்ட் இல்லாம, டெண்டர் விடாம ஒரு தடுப்புச் சுவர்!

"அதான் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்து அரேபியா, பாகிஸ்தான், இந்தியா, இலங்கை வரைக்கும் இருக்கே, அப்புறம் என்ன கவலை?"ன்னு கேக்குறவங்க இருக்காங்க. எனக்கு எரிச்சல் வர்றதே இந்தக் கேள்வியிலதான். இலங்கைக் கரையில் இருக்கிற புல்லு துபாய்க் கரையின் மணலைப் பிடிச்சு வைக்குமா? இதுக்காகத்தான் நாடு வாரியா சிவப்புப் பட்டியல் போடுறாங்க. அமீரகமும் 2021ல் தன் தாவரங்களுக்கு ஒண்ணு வெளியிட்டது. அதைக் குறை சொல்லல, பாராட்டணும். ஆனா பட்டியல் வந்ததோட வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம் பாருங்க, அங்கதான் சண்டை.

கணக்கைப் பாருங்க. ஓர் இனம் எவ்வளவு இடத்தில் இருக்குன்னு அளக்க ஐயூசிஎன் சொல்ற வழி, வரைபடத்தில் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டம் போடுறது. கட்டத்துக்குள்ள புல்லு இருந்தா 4 சதுர கிலோமீட்டர்னு கணக்கு. காட்டு மரத்துக்கு இது சரி. கரையோரப் புல்லு கோடு மாதிரி வளருது. 20 மீட்டர் அகலம், 2 கிலோமீட்டர் நீளம்னு வெச்சுக்கோங்க. நிஜ இடம் 0.04 சதுர கிலோமீட்டர். கட்டத்தில் நூத்துல ஒரு பங்கு!

எல்லா இனத்தையும் ஒரே அளவில் ஒப்பிடத்தான் கட்டம், வரம்புகளையும் அதுக்கு ஏத்த மாதிரிதான் வெச்சிருக்காங்க. ஒத்துக்கறேன். ஆனா அந்த 2 கிலோமீட்டரில் ஒன்றரை கிலோமீட்டரை புல்டோசர் வழிச்சுட்டுப் போனாலும் கட்டம் கட்டமாவேதான் இருக்கும். பொட்டி தட்டுற நமக்கு இது தெரிஞ்ச வியாதிதான். சர்வருக்கு பிங் அடிச்சா பதில் வரும், உள்ள பாதி டிஸ்க் போயிருக்கும். சரிவைப் பிடிக்க வேற அளவுகோலும் உண்டு: 10 வருஷம் அல்லது 3 தலைமுறை, எது நீளமோ அதுக்குள்ள எவ்வளவு குறைஞ்சதுன்னு பாக்கணும். அதுக்கு ஒருத்தர் அதே இடத்துக்கு மறுபடி போய் எண்ணணும். புல்லை எண்ண யாரு போறா?

இன்னொண்ணு, சிவப்புப் பட்டியல் சட்டம் இல்ல. அது ஒரு எச்சரிக்கைப் பலகை. ஜெபல் அலியைப் பாருங்க. 2002ல் பக்கத்திலேயே பனைமர வடிவத் தீவு ஆரம்பிச்சாங்க. 2008 பொருளாதார நெருக்கடியில் அது நின்னு போச்சு. 2018ல் ஜெபல் அலி ஈரநிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2023ல் தீவுத் திட்டம் மறுபடி கிளம்பிடுச்சு. காகிதமும் புல்டோசரும் ஒரே ஊரில் சுகமா குடித்தனம் பண்ண முடியும்!

இதில் பெரிய வேடிக்கை என்னன்னா, உப்புத் தண்ணி விவசாயத்துக்குன்னே 1999ல் இருந்து துபாயில் ஒரு சர்வதேச ஆராய்ச்சி மையம் இருக்கு. உப்பைத் தாங்குற புல்லோட அருமை தெரியாத நாடு இல்ல அது. ஆனா கோல்ஃப் மைதானத்தில் பச்சைப் பசேல்னு விரிஞ்சு கிடக்கிறது அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்த பாஸ்பாலம் புல்லு. சொந்தக் கரையில் யாரும் தண்ணி ஊத்தாம வளர்ந்தது 'களை'.

விதையை வங்கியில் வெச்சிருந்தா போதாதான்னு கேக்காதீங்க. பேக்கப் அவசியம்தான். ஆனா திருப்பி ஏத்துறதுக்கு இடம் வேணும்ல? மணல்மேட்டை வழிச்சு நடைபாதை போட்டப்புறம் விதையை எங்க கொட்டுவீங்க?

என் கோரிக்கை சின்னது. கரைப் புல்லைக் கட்டத்தால் மட்டும் அளக்காதீங்க, கரையோரம் நடந்து மீட்டர் கணக்கில் அளங்க. சில வருஷத்துக்கு ஒரு தரம் அதே இடத்தில் திரும்ப அளங்க. கட்டட அனுமதி தர்றதுக்கு முன்னாடி அந்தக் கணக்கை மேஜை மேல வைங்க. அலைக்கும் சுவருக்கும் நடுவில் மேட்டை அப்படியே விடுங்க.

டிஸ்கி: "ஒரு புல்லுக்காக இவ்வளவு பெரிய பதிவா?"ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு: நீங்க சாப்பிடுற அரிசியும் புல்லுதான் சாமி :-)