கோட்டையாம் கோட்டை!

"கோவை பார்லிமெண்ட் தொகுதி எங்கள் கோட்டை!" தேர்தலுக்குத் தேர்தல் யாராவது ஒருவர் இப்படி மார்தட்டுகிறார். அவர் தோற்றதும் இன்னொருவர் வந்து அதே பல்லவியைப் பாடுகிறார். இதற்குத் தாளம் போடுகிறவர்களும் உண்டு. "மில் சங்கு நின்றது, செங்கொடி இறங்கிற்று, இனிக் கோவை தொழிலதிபர்களின் ஊர், தொழிலாளி ஓட்டு என்று ஒன்று அங்கே கிடையாது" என்கிறார்கள் இவர்கள்.

அப்படியா சங்கதி? தோழர்களே, இந்தக் கோட்டையின் கதையை முதல் கல்லிலிருந்து பார்ப்போம்.

1952. முதல் பொதுத் தேர்தல். வெள்ளையன் காலத்தில் சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவனுக்கே ஓட்டு. இப்போது 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு. மில்லில் நூல் பிடிக்கிறவனுக்கும் ஓட்டு, பண்ணையில் நாற்று நடுகிறவளுக்கும் ஓட்டு. அந்தத் தேர்தலில் அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் தனித் தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போடலாம்.

கோவையில் பார்லிமெண்டுக்கு எத்தனை பெட்டி வைத்தார்கள்? ஒன்றுகூட இல்லை! காங்கிரஸ் அபேட்சகர் டி.ஏ.ராமலிங்கம் செட்டியார் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். கூட்டுறவு இயக்கத்துக்கு உழைத்தவர். மனிதரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நாடெங்கும் கோடிக்கணக்கான ஏழைகள் முதன்முதலாகப் பார்லிமெண்டுக்குச் சீட்டுப் போட்டபோது, இந்த ஆலை நகரத்துத் தொழிலாளி அந்தச் சீட்டைக் கையால் தொடவே இல்லை!

அதற்கு முந்தைய ஆண்டுகள் எப்படி இருந்தன? 1946 ஜனவரி 8-ம் தேதி சின்னியம்பாளையம் மில் தொழிலாளிகள் நால்வர், ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன், கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்டேன்ஸ் மில் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் மாண்டார்கள். 1950 பிப்ரவரி 11-ம் தேதி சேலம் சிறைக்குள்ளேயே கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கட்சிக்குத் தடை, தலைவர்கள் பலர் சிறையிலோ தலைமறைவிலோ. இத்தனையும் நடந்த பிறகு வந்ததுதான் அந்தப் 'போட்டியில்லாத' தேர்தல். இதைச் சொல்லாமல் 1952-ஐ மட்டும் எடுத்துப் பேசுவது பாதி முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல.

ஐந்தே வருஷம்! 1957-ல் அதே தொகுதியில் தோழர் பார்வதி கிருஷ்ணன் வென்றார். இன்னொரு ஆலை நகரமான மதுரையில் தோழர் கே.டி.கே.தங்கமணி வென்றார். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் கம்யூனிஸ்ட் மந்திரிசபை அமைந்ததும் அதே ஆண்டுதான். தடையும் தடியடியும் சாதிக்க நினைத்ததை மில் வாசல் கூட்டமும் பேட்டைக் கமிட்டியும் தகர்த்தன.

அதற்காகத் தொகுதி நமக்குப் பட்டா ஆகிவிட்டதா? இல்லை. 1962-ல் காங்கிரஸின் பி.ஆர்.ராமகிருஷ்ணன் என்ற தொழிலதிபர் வந்தார். 1964-ல் கட்சி இரண்டாயிற்று. ஆனாலும் 1967-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் தோழர் கே.ரமணியும், 1971-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தோழர் கே.பாலதண்டாயுதமும் வென்றார்கள். 1973 மே 31-ம் தேதி டில்லி விமான விபத்தில் பாலதண்டாயுதம் இறந்தார். அடுத்த ஆண்டு இடைத் தேர்தலில் மீண்டும் பார்வதி கிருஷ்ணன், 1977-லும் அவரே.

இங்கே ஒரு வார்த்தை, நம் பக்கமும் திரும்பி. 1967 வெற்றியில் தி.மு.க. கூட்டு இருந்தது, 1971-லும் அப்படியே. 1977-ல் அண்ணா தி.மு.க.வும் காங்கிரஸும் கூட இருந்தன. அவசரநிலையை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆதரித்தது. மார்க்சிஸ்ட் கட்சி எதிர்த்தது. ஆதரித்தது தவறு என்று 1978-ல் ஆதரித்த கட்சியே ஒப்புக்கொண்டது. கூட்டு சேருவது குற்றமல்ல. ஆனால் கூட்டாளியின் ஓட்டையும் நம் ஓட்டையும் ஒரே சாக்கில் கட்டி, மொத்தத்துக்கும் நம் பெயரை எழுதிக்கொண்டோமே, அது குற்றம்! 1980-ல் தி.மு.க.வின் இரா.மோகன் வென்றார். 1984, 1989, 1991 மூன்று முறையும் காங்கிரஸின் சி.கே.குப்புசாமி. 1996-ல் தி.மு.க.வின் மு.ராமநாதன். எங்கே போயிற்று கோட்டை?

பிறகு வந்தது 1998. அதற்கு முந்தைய நவம்பரில் ஒரு போலீஸ்காரர் கொலையைத் தொடர்ந்து நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். பிப்ரவரி 14-ம் தேதி குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். ஒரே பேட்டையில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்ட நாட்கள் அவை. அந்தத் தேர்தலில் பாரதிய ஜனதாவின் சி.பி.ராதாகிருஷ்ணன் வென்றார், அண்ணா தி.மு.க. தோளில் ஏறி. 1999-ல் மீண்டும் வென்றார், இம்முறை தி.மு.க. தோளில்! அப்போது அவரிடம் தோற்றவர் யார்? விவசாயத் தொழிலாளிகளுக்காகவே வாழ்நாளைக் கொடுத்த தோழர் ஆர்.நல்லகண்ணு. கோவைத் தொகுதி கண்ட தோல்விகளில் நெஞ்சை அதிகம் அறுப்பது இதுதான்.

2004-ல் தோழர் கே.சுப்பராயன் அந்த ஸ்தானத்தை மீட்டார். 2009-ல் தோழர் பி.ஆர்.நடராஜன். இதில்தான் பெரிய பாடம் இருக்கிறது, கவனியுங்கள். 2009-ல் நடராஜன் அண்ணா தி.மு.க. கூட்டணியில் நின்று வென்றார். 2014-ல் இடதுசாரிகள் தனியே நின்றபோது அதே மனிதருக்கு, அதே தொகுதியில் கிடைத்தது சுமார் 34,000 ஓட்டு, டிபாசிட் போயிற்று. 2019-ல் தி.மு.க. கூட்டணியில் நின்றார், 5,70,000-க்கு மேல் கிடைத்தது! மனிதர் மாறவில்லை, கொள்கை மாறவில்லை. சுத்தமாக நம்முடையது எது, கைமாற்று எது என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன. 2024-ல் தி.மு.க. தானே கோவையில் நின்று, மார்க்சிஸ்ட் கட்சிக்குத் திண்டுக்கல்லைக் கொடுத்தது. வென்ற கணபதி ப.ராஜ்குமார் முன்பு அண்ணா தி.மு.க. மேயராக இருந்தவர். அபேட்சகர் யார் என்ற முடிவு மில் வாசலிலா நடந்தது? சென்னையில், மேஜையைச் சுற்றி நடந்தது!

ஆக, 1957 முதல் இடைத் தேர்தலையும் சேர்த்து எட்டு முறை செங்கொடி வென்ற தொகுதி இது. எட்டு முறை வென்றும் கோட்டையாகவில்லை.

"அதற்குத்தான் சொல்கிறோம், தொழிலாளியே இல்லையே!" என்பார்கள் தாளம் போடுகிறவர்கள். இது பொய். தேசிய பஞ்சாலைக் கழக மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. 2024 ஓட்டுப் பதிவு நாளிலும் ஓடவில்லை. உண்மைதான். 2008 தொகுதிச் சீரமைப்பில் திருப்பூர் பனியன் தொழிலாளிகள் தனித் தொகுதிக்குப் போய்விட்டார்கள். அதுவும் உண்மை. ஆனால் பவுண்டரியில் இரும்பு உருக்குகிறவன் யார்? பம்பு செட் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன் யார்? சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்துகிறவன் யார்? கட்டடத்தில் கலவை சுமக்கிறவள் யார்?

தொழிலாளி இருக்கிறான். வாக்காளர் பட்டியலில்தான் இல்லை! நூல் மில் விடுதியில் அடைபட்டு, வெளியே போகவும் அனுமதி கேட்டு நிற்கும் பெண்களின் ஓட்டு தென் மாவட்டத்துக் கிராமத்தில் கிடக்கிறது. ஒரிசா, பீகார், அஸ்ஸாமிலிருந்து வந்து இரவு ஷிப்டு பார்க்கிறவனின் ஓட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால். வீடு மாறி வீடு மாறி வாடகைக்குக் குடியிருக்கும் நம் ஆட்களின் பெயரோ பழைய தெருவிலேயே நின்று கடைசியில் நீக்கப்பட்டுவிடுகிறது. அவர்களுக்கு 2024-லும் 1952-தான், தோழர்களே! பெட்டியே இல்லை!

இதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கே பெயர் சேர்க்கலாம். சொந்த ஊர் எது என்பது கேள்வியே இல்லை. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. குடிமாறியவருக்குப் படிவம் 8. ஓட்டுப் பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு கொடுக்கவேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு முதலாளிக்குக் கட்டளையிடுகிறது. எத்தனை மில் நோட்டீஸ் போர்டில் இதை ஒட்டியிருக்கிறார்கள்? எத்தனை சங்கம் ஒட்டச் சொல்லிக் கேட்டது?

"இந்திக்காரன் வந்து கூலியைக் குறைத்தான்" என்று டீக்கடையில் பேசுகிற தோழரே, கூலியைக் குறைத்தவன் முதலாளி. சங்கச் சீட்டும் இல்லாமல், ஓட்டுச் சீட்டும் இல்லாமல் ஒரு ஆள் பக்கத்து மெஷினில் நின்றால், முதலாளிக்கு அதைவிட லாபம் என்ன? அந்த ஆளின் அறைக்கு நாம் ஒரு நாளாவது போயிருக்கிறோமா? 1946-ல் சின்னியம்பாளையத்தில் இருந்தவர்கள் இப்போது இருந்தால் முதல் நாளே போயிருப்பார்கள்.

அடுத்த சம்பள நாளில், ஷிப்டு விடும் நேரத்தில், சிங்காநல்லூரிலும் சூலூரிலும் மில் கேட்டுக்கு எதிரே ஒரு பெஞ்சு போடட்டும் நம் கிளைகள். இரண்டு படிவக் கட்டு, நாலு பேனா, இந்தியும் ஒரியாவும் தெரிந்த ஒரு தோழர். அபேட்சகர் யார், எந்தக் கூட்டணி என்பதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.