பேசாத பிரிண்டரும் வங்கியின் காவலும்

2018 பிப்ரவரி 6ஆம் தேதி மாலை, கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் ஒரு பிரிண்டர் வேலை செய்யவில்லை. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்போடு இணைந்த பிரிண்டர் அது. அனுப்பிய உத்தரவுகளுக்கான ஒப்புகை அதில் அச்சாகி வரும். மறுநாள் கணக்கைச் சரிபார்த்தபோதுதான், வங்கி அனுப்பாத மூன்று உத்தரவுகள் வங்கியின் பெயரிலேயே போயிருப்பது தெரிந்தது. துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசைகளில், மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். துபாய்க்கான 5 லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. பிரிண்டர் தானாகப் பழுதாகவில்லை. உள்ளே நுழைந்தவர்கள் அதை முடக்கியிருந்தார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரி 5 அன்று டாக்காவில் வங்கதேச மத்திய வங்கியிலும் இதே போன்ற ஒரு பிரிண்டர் ஓய்ந்து கிடந்தது. வழக்கமாக வரும் கோளாறுதான் என்று நினைத்ததாக அங்கிருந்த அதிகாரி பின்னர் காவல்துறையிடம் சொன்னார். அதற்குள் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்த இரண்டு பிரிண்டர்களையும் நினைவில் வைத்துக்கொண்டுதான், வங்கி வட்டாரங்களில் நெடுநாளாக நிலவும் ஒரு கருத்தை இங்கே மறுக்க விரும்புகிறேன். “நெட்வொர்க் மேலாண்மை என்பது லைன் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. வங்கித் தொழில் வேறு, அது வேறு” என்பதே அந்தக் கருத்து. கடன், டெபாசிட், வாராக்கடன் என்று மணிக்கணக்கில் பேசும் கூட்டங்களில் நெட்வொர்க்குக்குக் கடைசி ஐந்து நிமிடம் ஒதுக்கப்படுவது இந்த எண்ணத்தால்தான். இதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“லைன் கொடுப்பது தொலைத்தொடர்பு நிறுவனம். பழுதானால் அவர்கள் பார்ப்பார்கள்.”

கம்பிவடம் அவர்களுடையது என்பது உண்மை. ஆனால் அது அறுந்தால் கவுன்ட்டரில் நிற்பவர் வங்கியின் வாடிக்கையாளர். அதனால்தான் கிளைகளுக்கு இரண்டு நிறுவனங்களிடமிருந்து இரண்டு லிங்க் வாங்குகிறார்கள். காகிதத்தில் பார்த்தால் பாதுகாப்பாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் தெருமுனையிலிருந்து ஒரே பள்ளத்தில் வந்தால், சாக்கடை தோண்ட வந்த ஒரு பொக்லைன் இரண்டையும் சேர்த்து அறுத்துவிடும். இரண்டு வடங்களும் எந்தெந்த வழியாக வருகின்றன என்று அந்த நிறுவனங்கள் தாமாக முன்வந்து ஒப்பிட்டுச் சொல்லப்போவதில்லை. கேட்க வேண்டியது வங்கி. ஒன்று தரை வழியாக வந்தால் மற்றொன்று 4ஜியாகவோ செயற்கைக்கோள் வழி வரும் வீசாட்டாகவோ இருக்கட்டும் என்று முடிவெடுப்பதும் வங்கிதான்.

பணமதிப்பிழப்பு அறிவிப்பு வந்து ஐந்து வாரம்கூட ஆகாத நிலையில், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. ஏற்கெனவே கையில் ரொக்கம் இல்லை. கார்டு இருக்கிறதே என்றால், மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்திருந்த பகுதிகளில் கார்டு இயந்திரமும் ஊமையாகிவிட்டது. கணக்கில் பணத்தை வைத்துக்கொண்டு கடை வாசலில் வெறுங்கையோடு நின்றவர்களுக்கு, இணைப்பு இல்லையென்றால் வங்கியே இல்லை என்பது அன்று புரிந்தது.

“ஒரு நிமிடம் லைன் போனால் குடி முழுகிவிடுமா?”

சில நேரம் ஒரு விநாடியே போதும். ஏடிஎம்மில் 2,000 ரூபாய் கேட்கிறீர்கள். கோரிக்கை இயந்திரத்திலிருந்து, ஏடிஎம் கோரிக்கைகளை உரிய இடத்துக்குத் திருப்பிவிடும் கணினியான சுவிட்ச்சுக்கும், அங்கிருந்து உங்கள் வங்கியின் கோர் பேங்கிங் கணினிக்கும் போகிறது. கணக்கில் பற்று எழுதப்பட்டு, “கொடு” என்ற பதில் திரும்புகிறது. அந்தப் பதில் வழியில் தாமதமானால், காத்திருந்த இயந்திரம் பணம் தராமல் பரிவர்த்தனையை முடித்துவிடும். கைக்குப் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் குறைந்துவிட்டது. இப்படிப் போன பணத்தை ஐந்து நாளுக்குள் திருப்பி வரவு வைக்க வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது. அந்த 2,000 ரூபாயை நம்பி மருந்துக்கடைக்குக் கிளம்பியவருக்கு ஐந்து நாள் என்பது சிறிய காலமல்ல.

அறுந்த லைனைவிட மெதுவான லைன் ஆபத்தானது. அறுந்தால் எல்லோருக்கும் தெரியும், புகார் பறக்கும். மெதுவானால் கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பரிவர்த்தனைகள் மட்டும் ஒவ்வொன்றாகத் தோற்கும். பதில் வர எத்தனை மில்லிவிநாடி ஆகிறது, எத்தனை தரவுப் பொட்டலங்கள் வழியில் தொலைகின்றன, எந்த நேரத்தில் நெரிசல் என்பதை நாள்தோறும் அளந்து, நேற்றோடு இன்றை ஒப்பிடுபவருக்குத்தான் அது தெரியும். கிளையில் எல்லாக் கோளாறுக்கும் “சர்வர் டவுன்” என்று ஒரே பெயர் சொல்கிறோம். அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும் உண்மையான காரணத்தைப் பிரித்தெடுப்பது நெட்வொர்க் மேலாண்மையின் முதல் கடமை.

ராத்திரியில் நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம் என்ற வசதியும் இப்போது இல்லை. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதலும் இரவு பகலாக இயங்குகின்றன. யுபிஐ பரிவர்த்தனைகள் 2025 ஆகஸ்ட்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின. சராசரியாக விநாடிக்கு 7,400க்கு மேல். ஓடும் வண்டியிலேயே சக்கரத்தை மாற்ற வேண்டிய வேலை இது.

“டேட்டா சென்டர் விழுந்தால் டி.ஆர். சைட் என்ற மாற்று மையம் இருக்கிறது. கவலை எதற்கு?”

சிங்கப்பூரில் 2023 அக்டோபர் 14 அன்று ஒரு டேட்டா சென்டரின் குளிரூட்டும் அமைப்பில் கோளாறு ஏற்பட்டது. அங்கே கணினிகளை வைத்திருந்த டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரண்டு வங்கிகளும் உடனே மாற்று மையத்துக்குத் தாவ முயன்றன. டிபிஎஸ் வங்கியை நெட்வொர்க் அமைவில் இருந்த பிழை தடுத்தது, சிட்டிபேங்க்கை இணைப்புச் சிக்கல் தடுத்தது. சுமார் 25 லட்சம் பணப் பரிவர்த்தனைகளும் ஏடிஎம் பரிவர்த்தனைகளும் நிறைவேறாமல் போனதாக அந்நாட்டு நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மாற்றுக் கட்டடம், மாற்றுக் கணினி எல்லாம் இருந்தும் அங்கே போகும் பாதை சரியாக இல்லை. அந்தப் பாதை திறக்குமா என்பதைத் திட்டமிட்டு முதன்மை இணைப்பை நிறுத்திப் பார்த்தால்தான் அறிய முடியும்.

“நல்ல ஃபயர்வால் வாங்கியாயிற்று. பாதுகாப்பு முடிந்தது.”

டாக்காவில் அதுகூட இல்லை, பத்து டாலர் விலையுள்ள பழைய சுவிட்ச்சுகளால் வங்கியின் கணினிகள் இணைக்கப்பட்டிருந்தன என்று விசாரணை அதிகாரி ஒருவர் சொன்னதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. இருந்திருந்தாலும் அது மட்டும் போதுமா? 2018 ஆகஸ்ட்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் நடந்ததைப் பாருங்கள். ஏடிஎம் கோரிக்கைகள் வங்கியின் உண்மையான சுவிட்ச்சுக்குப் போகாமல், திருடர்கள் நிறுவிய போலிச் சுவிட்ச்சுக்குப் போயின. அதுவே “கொடு, கொடு” என்று பதில் சொன்னது. கோர் பேங்கிங் கணினியை யாரும் கேட்கவே இல்லை. 28 நாடுகளில் சில மணி நேரத்தில் சுமார் 78 கோடி ரூபாய் எடுக்கப்பட்டது. மொத்த இழப்பு சுமார் 94 கோடி.

ஃபயர்வால் வாசல் கதவு. கதவைத் தாண்டி உள்ளே வந்தவனைப் பிடிக்க இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, அறை பிரிப்பது. கிளைக்குள் வரும் வாடிக்கையாளர் கேஷியர் கூண்டுக்குள் போக முடியாது. கேஷியரும் தனியாகப் பெட்டகத்தைத் திறக்க முடியாது. அதே போல ஊழியரின் மின்னஞ்சல் கணினி இருக்கும் பகுதியிலிருந்து ஸ்விஃப்ட் கணினி இருக்கும் பகுதிக்கு வழி இருக்கக் கூடாது. இரண்டாவது, எந்தக் கருவி எதனோடு வழக்கமாகப் பேசும் என்று தெரிந்து வைத்திருப்பது. ஏடிஎம்களிலிருந்து வெள்ளமாய்க் கோரிக்கைகள் வர, கோர் பேங்கிங் பக்கம் மட்டும் சந்தடியே இல்லையென்றால் அந்த அமைதி ஓர் எச்சரிக்கை. டாக்கா திருட்டுக்கு நான்கு மாதம் கழித்து, 2016 ஜூன் 2 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சைபர் பாதுகாப்புச் சுற்றறிக்கையில் நெட்வொர்க் மேலாண்மைக்கு என்றே ஒரு பகுதி உண்டு. வங்கியின் முழு நெட்வொர்க் வரைபடத்தையும் காலத்துக்கேற்பத் திருத்தி வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. தன் வீட்டில் எத்தனை கதவு என்று தெரியாதவர் எதைப் பூட்டுவார்?

“வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டோம். பொறுப்பு அவர்களுடையது.”

2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனத்தை, கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்கியது. அதன் சேவையை நம்பியிருந்த சுமார் 300 சிறிய வங்கிகளின் பணப் பரிமாற்றம் தடைபட்டது. அவற்றில் பல கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும். தாக்குதல் பரவாமல் இருக்க, தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ அந்த நிறுவனத்தின் இணைப்பைத் தனியே துண்டித்து வைத்தது. ஆகஸ்ட் 1 அன்று சேவை மீண்டது. பெருந்தீங்கைத் தடுத்த அந்தத் துண்டிப்பும் ஒரு நெட்வொர்க் மேலாண்மை முடிவுதான். ஒரு பகுதியைப் பிரித்து வைக்க வழி இருந்ததால்தான் மற்ற வங்கிகள் தப்பின.

வேலையை வெளியே கொடுக்கலாம், அதில் தவறில்லை. சிறிய வங்கிகளுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் வெளியே கொடுப்பதால் வங்கியின் கடமை குறைந்துவிடாது என்று 2023 ஏப்ரல் 10 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொன்னது. பெட்டகத்தைச் செய்து கொடுத்தவர் வெளியாள்தான். அதற்காகச் சாவியையும் அவரிடமே விட்டுவைப்பதில்லையே.

“இது வெறும் செலவு. லாபம் வராது.”

பலமுறை சேவை முடங்கியதைச் சுட்டிக்காட்டி, 2020 டிசம்பரில் எச்டிஎஃப்சி வங்கி புதிய கிரெடிட் கார்டு வழங்குவதை ரிசர்வ் வங்கி நிறுத்தியது. எட்டு மாதம் கழித்துத்தான் அந்தத் தடை நீங்கியது. 2024 ஏப்ரல் 24 அன்று கோட்டக் மஹிந்திரா வங்கி ஆன்லைனில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கவும் புதிய கிரெடிட் கார்டு வழங்கவும் தடை வந்தது. அது விலகியது 2025 பிப்ரவரியில். இவையெல்லாம் நெட்வொர்க் கோளாறு மட்டுமே என்று சொல்ல மாட்டேன். மின்தடை, மென்பொருள் திருத்தம், அனுமதி மேலாண்மை எனப் பல காரணங்கள் இருந்தன. ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் செலவுப் பட்டியலாகப் பார்த்தால் வருமானமே அடைபடும் என்பதற்கு இவை சாட்சி. டிபிஎஸ் வங்கியில் 2023இல் நேர்ந்த முடக்கங்களுக்காகத் தலைமை நிர்வாகியின் மாறுபடும் ஊதியத்தில் 30 சதவீதம் குறைக்கப்பட்டது. பொறுப்பு யாருடையது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

வங்கிக்காரர்களுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒருவர் பதிந்ததை இன்னொருவர் சரிபார்க்கும் மேக்கர்–செக்கர் முறையும், பெட்டகத்துக்கு இரட்டைச் சாவியும், மாலையில் கணக்கு நேராகாமல் வீட்டுக்குப் போகாத பழக்கமும் அவர்கள் கண்டவை. ஒரு ரூபாய் உதைத்தாலும் உட்கார்ந்து தேடுகிறவர்கள் அவர்கள். அந்தக் கண்டிப்பை ரவுட்டருக்கும் சுவிட்ச்சுக்கும் காட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான். ரவுட்டரின் அமைவை ஒருவர் மாற்றினால் இன்னொருவர் சரிபார்க்கட்டும். இயக்குநர் குழு மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்கட்டும்: முதன்மை இணைப்பை நாமே நிறுத்திப் பார்த்தது கடைசியாக எப்போது? நெட்வொர்க் வரைபடத்தைத் திருத்தியது எப்போது? கடந்த மாதம், பேசக் கூடாத எதனோடு எது பேசியது, பேச வேண்டிய எது பேசாமல் இருந்தது?

மூன்றாவது கேள்வியை யாராவது ஒருவர் அன்றே கேட்டிருந்தால், அந்த பிரிண்டர்களின் மௌனம் அன்றே காதில் விழுந்திருக்கும். இனி எங்காவது ஒரு பிரிண்டர் ஓய்ந்து நின்றால், காகிதம் சிக்கியிருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், கடைசியாக அனுப்பிய உத்தரவுகளையும் அப்போதே எண்ணிப் பார்க்கும் ஒருவர் ஒவ்வொரு வங்கியிலும் இருக்க வேண்டும். அவருக்கு மேசையும் அதிகாரமும் தருவது வங்கித் தொழிலின் வேலை.