சொக் மாற்றிய பின் கார் தட்டுகிறதா?

பங்குனி பிறந்தால் ரொறன்ரோ வீதிகளில் குழிகள் தோன்றத் தொடங்கிவிடும். வெடிப்புக்குள் இறங்கிய தண்ணீர் இரவில் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருத்துத் தாரைத் தூக்கிவிடுகிறது. பகலில் அது உருகியதும் தாருக்குக் கீழே வெற்றிடம். அதன்மேல் இரண்டு பஸ் ஏறினால் குழி தயார்.

இந்தக் குழிகளில் அடிபட்டுச் சோர்ந்துபோவது எம்மவர்கள் இங்கு வந்து முதன்முதலில் வாங்கும் பழைய கார்களின் சொக் அப்சோபர்கள். கராஜ்களில் கூலி மட்டுமே மணிக்கு நூறு டொலரைத் தாண்டிவிட்டது. இரவு வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் ஒரே காரை நம்பியிருக்கும் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமையில் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு வீட்டு வாசலிலேயே சொக்கை மாற்றிக்கொள்வதில் வியப்பில்லை. சொந்தக் காரைத் திருத்த உரிமம் எதுவும் தேவையில்லை. காசு வாங்கிப் பிறர் காரைத் திருத்துவோருக்கே ஒன்ராறியோவில் 310எஸ் என்னும் தொழிற் சான்றிதழ் வேண்டும். (அபார்ட்மென்ட் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் ஜக் வைக்க எண்ணுவோர் முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கவும்.)

மறுநாள் கார் தட்டுகிறது, அல்லது ஒருபக்கம் இழுக்கிறது. உடனே "சாமான் பழுது" என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போகிறோம். பெரும்பாலும் சாமானில் பிழை இருப்பதில்லை, பூட்டியதில்தான் இருக்கும். பூட்டியதில் உள்ள பிழையை அதிக செலவில்லாமல் திருத்திவிடலாம் என்பதால்தான் இம்முறை இதை எழுதுகிறோம்.

ஊரில் மொரிஸ் மைனரிலும் ஏ40இலும் இருந்த சொக் வேறு மாதிரி. இரும்புப் பெட்டியும் அதில் ஆடும் ஒரு கையும். மூடியைத் திறந்து எண்ணெய் விட்டு நாளைக் கடத்தலாம். 1990களின் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் 1988 முதல் 2019 வரை ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜ் நகரில் செய்யப்பட்ட கொறொல்லாவின் முன்சில்லில் இருப்பது மக்பேர்சன் ஸ்ரட். ஏர்ள் மக்பேர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1940களில் வகுத்தது. 1950இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்ட் கொன்சல் போன்ற கார்களால் பரவியது. இதில் சொக்கே தூணாக நின்று சில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றினால் சில்லின் சாய்வும் சேர்ந்து அசையும் என்பதை நினைவில் வையுங்கள்.

எதைப் பார்ப்பதற்கும் முன்னால் பிறேக் ஹோஸைப் பாருங்கள். சொக்கின் உடம்பில் பூட்டியிருந்த அதன் பிடியைத் திரும்பப் பூட்ட மறப்பது சாதாரணம். ஏபிஎஸ் வயரும் அப்படித்தான். ஸ்ரியறிங்கை முழுதாக இடமும் வலமும் திருப்பச் சொல்லி, ஹோஸ் ரயரில் உரசுகிறதா, இழுபடுகிறதா என்று கவனிக்க வேண்டும். இது சரியில்லாமல் கார் வாசலை விட்டு வெளியே போகக்கூடாது.

சிறு மேடுகளில் மெதுவாகப் போகும்போது தட்டுகிற சத்தம் வந்தால் சொக்கின் மேல்முனையைச் சந்தேகியுங்கள். மேலே உள்ள மூன்று நட்டுகளும் இறுகியுள்ளனவா, ஸ்ரட்டின் பக்கத்தில் பூட்டும் சிறிய லிங்க் கம்பியின் நட் கைமுறுக்கோடு விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். ஒருவர் காரை மேலும் கீழும் அமுக்க மற்றவர் கை வைத்துப் பார்த்தால் தட்டும் இடத்தைக் கையே சொல்லிவிடும். நடுவில் இருக்கும் பெரிய நட்டைக் கழற்றவே வேண்டாம். காரணம் கீழே வருகிறது. நட் இறுக்கும்போது தண்டு சுழல்கிறதே என்று அந்தப் பளபளப்பான தண்டைக் குறட்டால் பிடிப்பவர்கள் உண்டு. அதில் விழும் கீறல் சீலைக் கிழித்து, புதிய சொக் எண்ணெய் கசியத் தொடங்கும். இந்த ஒரு பிழைக்கு மட்டும் வேறு சாமான் வாங்குவதைத் தவிர வழியில்லை.

ஸ்ரியறிங் கோணலாக நின்றால் ஸ்ரட்டின் அடியிலுள்ள இரண்டு பெரிய போல்ட்டுகளைப் பாருங்கள். துளைகளில் இருக்கும் சிறு இடைவெளி சில்லைச் சாய்த்துவிடும். கழற்றுமுன் பெயின்ரால் கோடு போட்டிருந்தால் ஓரளவு பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அலைன்மென்ட் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். ரயரின் உட்கரை தேய்ந்தால் அதைவிடக் கூடச் செலவாகும்.

எல்லாவற்றிலும் அதிகம் நடப்பதும், யாருக்கும் தெரியாமல் போவதும் ரப்பர் புஷ் சமாசாரம். பின்பக்கச் சொக்கின் அடிக்கண், சில்லைத் தாங்கும் கைகளின் முனைகள் ஆகிய இடங்களில் இரும்புக் குழாயைச் சுற்றி ரப்பர் இருக்கும். அந்த ரப்பர் சுழல்வதற்கல்ல, முறுகிக் கொடுப்பதற்கு. கார் ஜக்கில் நிற்க, சில்லு கீழே தொங்கும் நிலையில் இந்த போல்ட்டுகளை இறுக்கிவிட்டால் ரப்பர் அந்தத் தொங்கும் கோணத்தையே தன் இயல்பாக எடுத்துக்கொள்ளும். காரை இறக்கியதும் எந்நேரமும் முறுகியபடியே இருக்கும். கார் சற்று உயர்ந்து நிற்கும், ஓட்டம் விறைக்கும், கதவுக் கீல் மாதிரிக் கிறீச்சிடும். நாளடைவில் ரப்பர் கிழியும். எம்மவர் புதுச் சொக்கையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ரப்பர் கிழியுமுன் கவனித்தால் இதற்கு ஒரு சதமும் செலவில்லை. காரை இரண்டு றாம்ப்களின்மேல் ஏற்றி, கைபிறேக் போட்டு, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். காரின் பாரம் சில்லுகளில் இருக்கும்போதே அந்த போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, காரை இரண்டு தரம் அமுக்கி விட்டு, புத்தகத்தில் சொன்ன அளவுக்குத் திரும்ப இறுக்குங்கள். உப்புப்பட்டுத் துருப்பிடித்த போல்ட்டானால் முதல்நாள் இரவே துரு எண்ணெய் அடித்து வைப்பது நல்லது. பலத்தால் திருகினால் முறியும்.

வீட்டில் திருத்தக்கூடாத பிழையும் ஒன்று உண்டு. ஸ்பிறிங்கின் முனை அதன் தட்டிலுள்ள பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது "டங்" என்று ஒரு சத்தம் வரும். அதைச் சரிசெய்ய ஸ்பிறிங்கை அமுக்கி நடு நட்டைக் கழற்ற வேண்டும். அந்த ஸ்பிறிங்கில் பல நூறு கிலோ பாரத்தின் விசை அடங்கியிருக்கிறது. இரவல் வாங்கிய கம்பிறஸர் வழுக்கினால் உயிர் போகும். ஸ்ரட்டைக் கழற்றி எடுத்துச் சென்று கராஜில் கொடுத்தால் அதைமட்டும் செய்து தருவோர் உண்டு. அடுத்த முறை ஸ்பிறிங்கும் சேர்த்துப் பூட்டிய முழு ஸ்ரட்டாகவே வாங்கிக்கொள்ளலாம். விலை கூடத்தான், ஆனால் இந்த வேலையே இல்லை.

சத்தத்துக்குப் பயந்து காரை விற்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்குபவர் அதை ஓட்டுவதற்குத் தகுதியான வாகனமாகப் பதிய ஒன்ராறியோவில் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். 36 நாட்களே செல்லுபடியாகும் அந்தச் சோதனையில் சொக்கையும் பார்ப்பார்கள். ஆகவே எப்படியும் திருத்தித்தான் ஆகவேண்டும்.

வேலை முடிந்ததும் சில்லு நட்டுகளைக் காலால் மிதித்து இறுக்காமல் ரோர்க் ஸ்பானரால் இறுக்குங்கள். கொறொல்லாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், அதாவது 76 அடி-இறாத்தல். நூறு கிலோமீற்றர் ஓடிய பின் அதே ஸ்பானரை இன்னொரு தரம் வைத்துப் பாருங்கள்.