லாரி டிரைவரின் வயிறும் தலையெழுத்தும்

லாரி டிரைவருக்குத் தொந்தி விழுந்தால் அது தொழிலுக்குள்ள லட்சணம் என்றும், நாற்பது வயதில் சர்க்கரை வியாதி வந்தால் அது தலையெழுத்து, சனியின் பார்வை என்றும் சொல்லிவிடுவது நம்மவர்களுக்குள் வழக்கமாய் இருந்து வருகிறது. இப்படிச் சொல்லுகிறவர்களைவிட, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் டிரைவர் தோழர்களைப் பற்றியே நமக்குக் கவலை. வியாதியைத் தலையெழுத்தென்று ஒப்புக்கொண்டுவிட்டால், அதற்குக் காரணமான ஆகாரத்தையும், அந்த ஆகாரத்தைத் தவிர வேறு கிடைக்காதபடி செய்திருக்கும் வேலை ஏற்பாட்டையும் யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லாமல் போய்விடுகிறதல்லவா?

கணக்கைப் பார்ப்போம். 1918ல் குன்னூரில் சிறு ஆராய்ச்சிக்கூடமாய் ஆரம்பித்து இப்போது ஹைதராபாத்தில் இருந்துவரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஆண்பிள்ளைக்கு, உட்கார்ந்த வேலையானால் நாளொன்றுக்கு 2,110 கலோரி. நடுத்தர உழைப்பானால் 2,710. கடும் உழைப்பானால் 3,470. இதில் லாரி டிரைவர் எந்த வகுப்பு? நாமக்கல்லிலிருந்து நாக்பூருக்கு ராப்பகலாய் ஓட்டுகிறவரை உட்கார்ந்த வேலைக்காரர் என்றால் அவருக்குக் கோபம் வரும், வருவது நியாயமுங்கூட. கண்ணும் மனமும் இடுப்பும் நொந்துபோகிற வேலை அது. ஆனால் களைப்பு வேறு, கலோரிச் செலவு வேறு. ஸ்டியரிங் பிடிக்கிறவருடைய சரீரம், சும்மா உட்கார்ந்திருப்பவர் செலவழிப்பதைப்போல் இரண்டு இரண்டரைப் பங்குதான் செலவழிக்கிறது. அதே லாரியில் மூட்டை ஏற்றுகிற தோழருக்கோ ஆறேழு பங்கு ஆகிறது. இருவரும் ஒரே அளவு சாப்பிட்டால் ஒருவருக்கு உழைப்பாய்ப் போவது மற்றவருக்குக் கொழுப்பாய் நிற்கும்.

ரோட்டோரக் கடையில் நாலு பரோட்டாவும் சால்னாவும் என்றால் மாவும் எண்ணெயும் சேர்ந்து ஆயிரம் கலோரிக்குக் குறையாது. சர்க்கரை போட்ட பால் டீ ஒன்று 80, 100 கலோரி. தூக்கத்தை விரட்ட எட்டு டீ குடித்தால் அதுவே ஒரு வேளைச் சாப்பாட்டின் கணக்காகிவிடுகிறது. வயிறு மாத்திரம் நிறைவதில்லை. மத்தியானச் சாப்பாட்டை நாம் இன்னும் எண்ணவேயில்லை!

இது நம் கற்பனையல்ல. லண்டன் மாடி பஸ்களில் டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். ஜெரி மாரிஸ் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் இவர்களைப் பரிசோதித்து 1953ல் வெளியிட்டதில், மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகமென்று தெரிந்தது. 1956ல் அவர்களுடைய யூனிபாரம் அளவுகளைப் பார்த்தபோது டிரைவர்களின் இடுப்பளவே பெரிதாயிருந்தது. இளவயது டிரைவர்களுங்கூடச் சற்றுப் பருத்தே இருந்தார்களாகையால் குற்றம் முழுவதையும் சீட்டின்மேல் போட முடியாதுதான். ஆனாலும், ஒரே பஸ்ஸில் போகிற இருவரில் சனிபகவான் டிரைவரை மாத்திரம் பார்த்தார், படியில் நின்ற கண்டக்டரைப் பார்க்க மறந்துவிட்டார் என்று எந்த ஜோசியரும் சொல்லத் துணியமாட்டார்.

நிற்க, "குறைத்துச் சாப்பிடு" என்று உபதேசம் செய்துவிட்டு நாம் போய்விடலாமா? தூக்கம் குறைந்தால் பசி கூடுகிறதென்பது பரீட்சையில் கண்ட உண்மை. 1961ம் வருஷத்து மோட்டார்த் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி வேலை, 5 மணி நேரத்துக்குமேல் போவதற்குள் அரைமணி ஓய்வு என்று எழுதிவைத்தது. காகிதத்திலிருந்த அந்த அரைமணி ரோட்டில் கிடைத்ததா என்று டிரைவர்களையே கேளுங்கள். சரக்கு இத்தனை மணிக்குள் சேரவேண்டுமென்று முதலாளி நெருக்குகிறார்; லாரி நிறுத்த இடமுள்ள கடையில் இருப்பதைத் தின்றுவிட்டு இவர் ஏறுகிறார். இதில் தலையெழுத்தை எழுதினது யார்?

டிரைவர் தம் கையிலுள்ளதைச் செய்யலாம். டீயில் சர்க்கரையை நிறுத்தலாம். நாலு பரோட்டாவை இரண்டாக்கி அவித்த முட்டையோ சுண்டலோ சேர்க்கலாம். நிறுத்துமிடத்திலெல்லாம் பத்து நிமிஷம் நடக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சனிக்கிழமை விரதம் என்று வெறும் வயிற்றோடு வண்டி எடுப்பதை அடியோடு விடவேண்டும். சில மாத்திரைகள் பட்டினி வயிற்றில் சர்க்கரையை மிகவும் இறக்கி, கண்ணை இருட்டச் செய்யும். அப்போது பின்னால் பதினைந்து டன் சரக்கும் முன்னால் ஜனங்களும் இருப்பார்கள்.

புறப்படும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். அதைப் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்திருந்தால் ஒரு டீயாவது குறைந்திருக்கும். லாரிக்குத் தவணை தவறாமல் எப்.சி. பார்க்கிறார்கள், அதை ஓட்டுகிற மனிதருக்கோ லைசென்சுக்காக வாங்கும் டாக்டர் சீட்டோடு சரி. வருஷத்துக்கொருமுறை டிரைவரின் எடை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ஆகியவற்றை முதலாளி செலவில் பார்க்கவேண்டுமென்று லாரித் தொழிலாளர் சங்கங்கள் கேட்கட்டும். ஆயுத பூஜைக்குப் பொரியும் பூசணிக்காயும் வாங்குகிற பணத்திலேயே அதைச் செய்துவிடலாம்.