கடைசியாக ஓடி வருபவர்

காலையில் ஓடப் போகிறவர்கள் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள்: "ஓடுறவங்க எல்லாம் ரொம்ப நல்லவங்கப்பா, முகம் தெரியாதவங்களுக்கே தண்ணி பாட்டிலை நீட்டுவாங்க." உண்மைதான். ஞாயிறு காலை மெரினாவில் எதிரே மூச்சு வாங்க ஓடி வருகிற யாரோ ஒருவர் நம்மைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். அதே மனுஷர் திங்கட்கிழமை அண்ணா சாலை சிக்னலில் நமக்குப் பின்னால் நின்று அடிக்கிற ஹாரன் வேறு கதை :-)

ஆக, மனுஷர் மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. என் காமர்ஸ் மூளைக்குத் தோன்றும் காரணம் இது. கேம்பஸ் இன்டர்வியூவில் இருப்பது நாலே வேலை. பக்கத்து பெஞ்ச் நண்பனுக்குக் கிடைத்தால் எனக்கு ஒன்று குறைகிறது. பொழுதுபோக்காக ஓடுவதில் இந்தக் கணக்கே கிடையாது. அவன் 5 கிலோமீட்டரை 25 நிமிஷத்தில் முடித்தால் என்னுடைய 38 நிமிஷம் 39 ஆகிவிடாது. அதனால் நட்பாக இருப்பதற்குச் செலவே இல்லை.

செலவு வரும்போதும் அந்த நட்பு நிற்குமா? அதுதான் என் கேள்வி.

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் மாரத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். பேரே 'தோழர்கள்'. முதல் உலகப்போரில் இறந்த வீரர்களின் நினைவாக விக் கிளாஃபம் 1921-ல் தொடங்கியது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. ஒரு நொடி தாண்டினாலும் மெடல் இல்லை. அங்கே 'பஸ்' என்று ஒன்று உண்டு. அனுபவசாலி ஒருவர் கொடியைப் பிடித்துக்கொண்டு கணக்காக ஓட, பின்னாலேயே ஒரு கூட்டம் வரும். கெடு முடியப்போகும் நேரத்தில், கால் மடங்கி விழுந்தவரை இரண்டு பேர் தோள் கொடுத்து இழுத்து வருவார்கள். தங்கள் மெடலும் போகலாம் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். இது செலவுள்ள நட்பு.

ஆனால் இதே ஓட்டத்தில் 1975 வரை கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் அதிகாரபூர்வமாக இடமில்லை. 1923-ல் பிரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண்ணின் விண்ணப்பத்தை மறுத்தார்கள். அவர் அப்படியே ஓடி முடித்தார். மெடல் தரவில்லை. கூட ஓடியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் அவருக்கு ஒரு வெள்ளி டீ செட்டைப் பரிசளித்தார்கள். 1935-ல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பினத்தவரும் அனுமதி இல்லாமலேதான் ஓடி முடித்தார்.

அந்த டீ செட்டை நினைத்தால் நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். கூட ஓடியவர்கள் மனசில் இடம் இருந்தது, விதியில் இல்லை. விதி மாற அதற்குப் பிறகு 52 வருஷம் ஆனது! நல்ல மனசு மட்டும் போதாது, அதை ஏற்பாடாகவும் ஆக்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்படி ஆக்க முடியும் என்பதற்கு பார்க்ரன் உதாரணம். 2004-ல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேரோடு ஆரம்பித்தது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. 5 கிலோமீட்டர், காசு கிடையாது, நடந்தே முடித்தாலும் சரி. எல்லாருக்கும் பின்னால் 'டெயில் வாக்கர்' என்று ஒரு தன்னார்வலர் வருவார். அவர்தான் எப்போதும் கடைசி. அதனால் ஓட வந்த யாருக்கும் கடைசி இடம் என்ற கூச்சம் இல்லை.

நம்ம ஊரில் ஓடுகிற குழுக்களையும் நான் இப்படித்தான் எடை போடுவேன். விடியாத இருட்டில் ஓட்டம் ஆரம்பிக்கிறதே, தனியாக வரும் பெண்ணோடு சேர்ந்து ஓட ஆள் இருக்கிறதா? வேகமானவர்கள் முடித்துவிட்டு காபி குடிக்கக் கிளம்பிய பிறகு, கடைசியாக வருபவருக்குத் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா? ஆயிரக்கணக்கில் விலை உள்ள ஷூ இல்லாதவரை யாராவது பேச்சில் சேர்த்துக்கொள்கிறார்களா?

பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். வாரம் ஒருவர் முறை வைத்துக் கடைசி ஆளோடு ஓடினால் போதும். நம்ம கிளாஸ் மக்களே, நம்மில் நாலைந்து பேர் ஓட ஆரம்பித்திருக்கிறோமே, முதல் வாரம் யார் பின்னால் வரப் போகிறீர்கள்?