நாள்தோறும் நிறுக்க நம் பிள்ளைகள் வெங்காயமா?



அண்மையில் ஓய்வு நேரத்தின்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி உண்ணாமல் அமர்ந்திருந்தாள். காரணம் கேட்டேன். "நாளைக்குக் காலையில அப்பா எடை பார்ப்பாரு, டீச்சர்" என்றாள். என் நெஞ்சு கனத்துவிட்டது.

எடையைக் குறைக்க முயலும் பெரியவர்கள் அன்றாடம் எடை பார்ப்பதை நான் குறை கூறவில்லை. சிலருக்கு அது பயன் தருகிறது. வளரும் பிள்ளைக்கும் அதே முறையா? உண்ட உணவு, பருகிய நீர், உப்பின் மிகுதி ஆகியவற்றாலேயே எடை ஒரே நாளில் 1 கிலோ அளவுக்குக்கூட மாறலாம். அது கொழுப்பு அன்று. அதற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்வது என்ன நியாயம்?

உயரம் கூடும் வயதில் எடையும் கூடத்தான் செய்யும். பருமனான பிள்ளைகள் பலருக்கு எடை மேலும் ஏறாமல் நின்றாலே போதும். வளர வளர உடல் சீராகும். இதனை அறிய மாதங்கள் வேண்டும். நான்காம் ஆண்டு முதல் செகாக் உடற்தகுதிச் சோதனையில் ஆண்டுக்கு 2 முறை உயரமும் எடையும் அளக்கிறோமே! ஐயமிருப்பின் மருத்துவரை நாடுங்கள்.

ஆசிரியர்களே, நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். மாணவரின் எடையை வகுப்பறையில் உரக்கப் படிக்கும் வழக்கத்தை இன்றே கைவிடுவோம்.

பெற்றோர்களே, எடை இயந்திரத்தைப் பிள்ளையின் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். மைலோவில் ஊற்றும் கெட்டிப் பாலைக் குறையுங்கள். மாலையில் பிள்ளையோடு திடலுக்குச் செல்லுங்கள். அந்த மாணவி நாளையேனும் அச்சமின்றி வயிறார உண்ணட்டும்.