விலையைச் சொல்லுங்க, சார்!

அம்பத்தூரில் தெரிந்தவர் ஒருவர் சின்னதாக மென்பொருள் கம்பெனி நடத்துகிறார். மாடியில் இரண்டு அறை, ஐந்து பையன்கள், டிபன் பாக்ஸ் வாசனை. பாத்திரக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறார்கள். பார்த்தேன், நிஜமாகவே நன்றாக இருந்தது. எடைக்கும் பில் போடலாம், எண்ணிக்கைக்கும் போடலாம். பழைய பித்தளையை எடுத்துக்கொண்டு மிச்சத்துக்கும் போடலாம்.

'எத்தனை கடையில ஓடுது?'

'மூணு சார். அதுல ஒண்ணு எங்க மாமா கடை.'

அவர்களுடைய வலைத்தளத்தைத் திறந்தேன். 'சில்லறை வணிகத்துக்கான ஒருங்கிணைந்த தீர்வுகள்.' கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் கைகுலுக்குகிறார்கள். பாத்திரம் என்ற வார்த்தையே இல்லை. விலை? 'தொடர்பு கொள்ளவும்.'

கேட்டால், 'மார்க்கெட்டிங்லாம் நமக்கு வராது சார். சரக்கு நல்லா இருந்தா தானா பேசும்' என்கிறார். பேசாது ஐயா. தெருவில் வண்டி தள்ளுகிறவர் 'கத்திரிக்கா கிலோ நாப்பது' என்று பெயரையும் விலையையும் சேர்த்துத்தான் கூவுகிறார். 'ஒருங்கிணைந்த காய்கறித் தீர்வுகள்' என்று கூவினால் எந்த அம்மா கூடையோடு வருவார்?

விலையை மறைப்பது பெரிய கம்பெனிகளின் பழக்கம். அவர்களிடம் வீடு தேடி வந்து பேரம் பேச ஆள் இருக்கிறது. இவருடைய சரக்கு எட்டாயிரம் ரூபாய். கும்பகோணத்தில் இருக்கும் ஒரு கடைக்கு மூன்று தடவை ஆள் அனுப்பினால் பஸ், லாட்ஜ், சாப்பாடு என்று லாபம் வழியிலேயே கரைந்துவிடும். அந்தக் கடை முதலாளியோ விலை போடாததைப் பார்த்து 'லட்சத்துல இருக்கும்போல' என்று போனையே எடுப்பதில்லை.

பாட்ரிக் மெக்கன்ஸி என்ற அமெரிக்கர் ஜப்பானில் மாதச் சம்பளத்தில் இருந்தவர். 2006-ல், வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு மென்பொருள் எழுதினார். பிங்கோ அட்டை அச்சடிப்பது, அவ்வளவுதான். நம் கிளப்புகளில் ஆடும் தம்போலா மாதிரி, ஆனால் எண்களுக்குப் பதில் சொற்கள். அமெரிக்க டீச்சர்கள் குழந்தைகளுக்கு வார்த்தை கற்றுத்தர ஆடுவது. முப்பது குழந்தை என்றால் முப்பது வெவ்வேறு அட்டை வேண்டும், கையால் எழுதினால் விரல் ஒடிந்துவிடும். நம் ஊர் கல்லூரிப் பையன் ஒரு வாரத்தில் எழுதிவிடக்கூடிய சரக்கு. விலை முதலில் 25 டாலருக்கு ஐந்து சென்ட் குறைச்சல், அதையும் வெளிப்படையாகப் போட்டிருந்தார்.

அவர் மெனக்கெட்டது வேறு இடத்தில். டீச்சர்கள் கூகுளில் என்ன தட்டுகிறார்கள் என்று பார்த்தார். 'கல்வித் தீர்வு' என்று ஒருத்தரும் தேடவில்லை. 'ஹாலோவீன் பிங்கோ' என்றுதான் தேடினார்கள். அந்த மாதிரி ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பக்கம் போட்டார். ஹாலோவீனை ஒட்டி அக்டோபரில் விற்பனை எகிறும். 2010-ல் அந்த வேலையை விட்டே விட்டார்.

மார்க்கெட்டிங் என்றாலே பொய்தானே என்று ஒரு கட்சி உண்டு. ஆள் வைத்து எழுதிய பாராட்டுக் கடிதம், கேட்காமலே வந்து குவியும் எஸ்.எம்.எஸ். எல்லாம் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் 'இது பாத்திரக் கடைக்கு, விலை எட்டாயிரம்' என்பதில் என்ன பொய் இருக்கிறது? தவிர, கோட்டு போட்ட அந்த வெள்ளைக்காரர்கள் மட்டும் நிஜமா? இவர் கம்பெனியில் கோட்டு வைத்திருக்கும் ஒரே ஆள், கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்தவர்.

இந்தத் தீபாவளிக்கு அங்கே போனஸ் கிடையாது. ஆறாவதாக இருந்த பையன் பெங்களூருக்குப் போய்விட்டான். பழைய பித்தளைக் கணக்கை எழுதியது அவன்தான். முதலாளிக்கு அது வருத்தம்தான், ஆனால் 'அடுத்த வெர்ஷன்ல ஏஐ வருது சார்' என்கிறார். மூன்று கடைக்கு ஏஐ!

'முதல்ல விலையைப் போடுங்க' என்றேன்.

'போட்டிக் கம்பெனிக்காரன் பாத்துடுவானே?'

'கடைக்காரரும் பாப்பாரே!'

யோசிக்கிறேன் என்றார். நேற்று ராத்திரி அந்த வலைத்தளத்தை மறுபடி திறந்தேன். வெள்ளைக்காரர்கள் போய்விட்டார்கள். அந்த இடத்தில் பளபளவென்று ஒரு பித்தளை அண்டா. விலை? 'தொடர்பு கொள்ளவும்.'